இருமலுக்கு ஒரு பாட்டில்

மார்கழி பிறந்துவிட்டால் மறைமலை நகரைச் சுற்றியுள்ள காலனிகளில் விடியற்காலைச் சத்தமே மாறிவிடும். கம்பெனி பஸ்ஸின் ஹாரனுக்கு முன்னால் இருமல் கேட்கும். ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து தகரம் போட்ட வாடகை அறைகளில் எட்டுப் பேராகப் படுத்திருக்கும் ஒடிசா, ஜார்கண்ட் தம்பிகள் வரை போய் நிற்கும். "பனி பிடிச்சிருக்கு, தை வந்தா சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். தை முடிந்தும் சரியாகாத சில இருமல்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

போன தை மாதம், நான் வேலை செய்யும் பகுதியில் ஓர் அண்ணனைப் பார்க்கப் போனேன். வண்டி உதிரிபாகம் செய்யும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. கார்த்திகையில் தொடங்கிய இருமல் அது. கட்டிலுக்கு அடியில் மூன்று காலி பாட்டில்கள் உருண்டு கிடந்தன. மூன்று முறை வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறார், மூன்று முறையும் இருமல் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சளியைச் சோதித்துப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதே வாரம் நடந்த ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி அலுத்துக்கொண்டார்: "இந்த மக்களுக்கு விழிப்புணர்வே இல்லைங்க. கசாயம் குடிச்சிட்டு வீட்டிலேயே கிடந்து, முத்திப்போன பிறகுதான் வருவாங்க."

மூன்று பாட்டில்களும் அந்த வாக்கியமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவர் போனார். நாள் தவறாமல், கூலியை இழந்து போனார். அப்படியானால் "வராத மக்கள்" என்ற கதை எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு நம் மாவட்டத்தைச் சுற்றியே கிடக்கிறது.

முதலில் அந்தக் கசாயத்தைப் பற்றி நியாயமாகப் பேசிவிடுவோம். வார இதழ்களில் "பாட்டி வைத்தியம்" என்று போடுவார்கள். படத்தில் பித்தளைச் சொம்போடு மடிசார் கட்டிய பாட்டி இருப்பார். நம் பாட்டிகள் வேலியோரத்து ஆடாதோடையைப் பறித்துக் கொதிக்க வைத்தவர்கள். தூதுவளையைத் துவையலாக அரைத்தவர்கள். தேனும் பனங்கற்கண்டும் வாங்கக் காசில்லாதபோது கருப்பட்டியைக் கிள்ளிப் போட்டவர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகத்தில் திப்பிலி விலை கூடினால் அது இல்லாமலே கசாயம் நடக்கும். இந்த அறிவு எந்த ஒரு சாதியின் சமையற்கட்டிலும் பிறந்ததல்ல. பண்டிதர் அயோத்திதாசர் சித்த வைத்தியம் பார்த்தே வாழ்ந்தவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய கையும் நாடி பிடித்துப் பார்த்த கையும் ஒன்றுதான்.

ஆடாதோடை வெறும் நம்பிக்கையும் அல்ல. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அதன் வழிவந்தது ஆம்ப்ராக்சால். இன்று மருந்துக் கடையில் வாங்கும் பல இருமல் சிரப்புகளின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். ஆக, படித்தவர்கள் பாட்டிலில் வாங்குவதும் நம் ஆயா வேலியில் பறித்ததும் தூரத்து உறவுதான். இரண்டும் செய்யும் வேலையும் ஏறக்குறைய ஒன்றே: கெட்டிச் சளியை இளக்கும், நெஞ்சை ஆற்றும். பனிக்கால இருமலுக்கு அது போதும். நுரையீரலுக்குள் காசநோய்க் கிருமி குடியிருந்தால் கசாயமும் பயன்படாது, டானிக்கும் பயன்படாது. 'காசம்' என்ற சொல்லுக்கே இருமல் என்றுதான் பொருள். நம் ஊர்க் கிழவர்கள் இன்னும் கூர்மையான சொல் வைத்திருந்தார்கள், என்புருக்கி. எலும்பை உருக்குவது. இருமலை மட்டும் பார்க்காமல் ஆள் கரைவதையும் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறி வடக்கே போனால் காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர் எல்லாம் கடந்து தாம்பரம். அதற்கு அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். தினமும் லட்சம் பேர் உச்சரிக்கும் பெயர். அது ஒரு நோய்க்கான விடுதியின் பெயர் என்று யோசித்தவர்கள் குறைவு. அடுத்த நிறுத்தமான குரோம்பேட்டை க்ரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்றது. ஒரு நிலையம் தோல் பதனிட்ட உழைப்பின் பெயர், இன்னொன்று நெஞ்சு நோயின் பெயர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் உறுத்தும்.

அந்தச் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திய தமிழர். கணித மேதை ராமானுஜன் அங்கே நோயுற்றபோது சில காலம் இவரிடம்தான் இருந்தார். திரும்பி வந்து, அன்று காடாகக் கிடந்த இடத்தில் ஒரு சில படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதே வளாகத்து நிலத்தில்தான் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. கசாயமும் மாத்திரையும் ஒரே மதிலுக்குள்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. 1882இலேயே ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வைத்தியம் என்றால் காற்றோட்டம், ஓய்வு, பால், முட்டை. மாதக் கணக்கில் படுக்கை. படுக்கவும் சாப்பிடவும் வசதி இருப்பவருக்கு எழுதப்பட்ட சீட்டு. 1946இல் போர் கமிட்டி கணக்குப் போட்டது: இந்தியாவில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள், ஆண்டுக்கு 5 லட்சம் சாவு, மொத்தப் படுக்கைகள் சுமார் 6,000. நானூறு பேருக்கு ஒரு படுக்கை. அந்த ஒன்றில் யார் படுத்திருப்பார், மீதி முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர் எங்கே இருந்து இருமியிருப்பார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

படுக்கை கிடைக்காதவருக்கு மருத்துவர்கள் சொன்ன மாற்று: தனி அறையில் படு, ஜன்னலைத் திறந்து வை. இதைக் கேட்கும்போது எனக்குத் திரமென்ஹீர் நினைவுக்கு வருவார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர், 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதியவர். பஞ்சமி நிலத்தின் மூல ஆவணம் என்று நாம் அதைக் கொண்டாடுகிறோம். 1892 அரசாணை, 1994இல் காரணை நிலத்துக்காக நடந்த போராட்டம், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை, இவையெல்லாம் அந்த அறிக்கையிலிருந்து நீளும் ஒரே கோடு. ஆனால் அந்த அறிக்கையில் விவசாய நிலம் மட்டும் இல்லை, குடியிருக்கும் மனையும் இருக்கிறது. சேரியின் தரை மிராசுதாரருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்தே கிளப்பிவிடலாம். அடிமைத்தனத்தின் பூட்டு அங்கேதான் இருந்தது. தான் நிற்கும் தரையே தனதில்லாதவன் சுவரில் எந்த ஜன்னலைத் திறப்பான்? காற்று மூலம் பரவும் நோய்க்கு வீடுதான் முதல் மருந்து என்றால், அந்த மருந்து இம்மாவட்டத்துச் சேரிகளுக்குத் திட்டமிட்டு மறுக்கப்பட்டிருந்தது. நில உரிமைப் போராட்டத்தைச் சோற்றுக்கும் சுயமரியாதைக்குமான போராட்டமாகவே பேசிவருகிறோம். அது மூச்சுக்கான போராட்டமும்கூட.

மருந்து வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பிறகு பாஸ், 1952இல் ஐசோநியாசிட். கடைசியில் சொன்னது விலை மலிவு, வாயில் போட்டு விழுங்கலாம். இப்போது கேள்வி மாறியது: மருந்து இருக்கிறது, படுக்கை இல்லை. படுக்கை இல்லாமலே குணப்படுத்த முடியுமா?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன இடம் சென்னை சேத்துப்பட்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து அங்கே ஓர் ஆய்வு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. ஆய்வு எளிமையானது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பாதிப்பேருக்குச் சானடோரியம், பாதிப்பேருக்குச் சொந்த வீடு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, செவிலியர் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் அரைவயிற்றுச் சாப்பாடு, நெரிசல், வேலை. வாரம் ஒரு முறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள்.

வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் குணமாகாது, வீடே நோயாகிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் நோய் திரும்பியதிலும் வீடு பின்தங்கவில்லை. ஒரே அறையில் கூடவே படுத்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதும், நோயாளி சானடோரியத்துக்குப் போன குடும்பங்களைவிடக் கூடுதல் இல்லை. மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும் என்பதையும், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்பதையும் இந்த ஆய்வு காட்டியது.

தோழர்களே, இதை ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சென்னையின் குடிசைவாசிகளின் உடல். அவர்கள் படிக்காதவர்கள், ஒழுங்காக மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்ற பொதுப்புத்தியை அவர்களே உடைத்தார்கள். மாத்திரை கையில் கிடைத்தால், வந்து கேட்க ஆள் இருந்தால், ஏழை குணமாகிறான். பின்னாளில் உலகெங்கும் பரவிய 'நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை' என்ற முறைக்கும் சேத்துப்பட்டு ஒரு வேர். அந்த 193 பேரின் பெயர் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஆனால் இந்த வெற்றிக்கு இன்னொரு முகம் இருந்தது. உணவைப் பற்றி மட்டும் தனியாக ஓர் அறிக்கையையும் 1961இல் அம்மையம் வெளியிட்டது: நல்ல மருந்து கொடுத்தால், நோய் அடங்குவதற்கு நல்ல சாப்பாடு அவசியமான நிபந்தனை அல்ல. அறிவியலாக அது நேர்மையான கண்டுபிடிப்பு. அரசாங்கங்களின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. வீடு தர வேண்டாம், சோறு தர வேண்டாம், கூலி உயர்த்த வேண்டாம், மாத்திரை போதும். ஏழைக்கு விடுதலை தந்த ஆய்வு, ஏழைக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும் சாக்காகவும் ஆனது.

மாத்திரையாவது சேர்ந்ததா? இங்கேதான் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு வருகிறது. சமூகவியல் முதுகலை படிக்கும்போது வகுப்பில் யாரும் சொல்லித் தராத, நூலகத்தில் தானாகக் கண்ணில் பட்ட கட்டுரை. பெங்களூரில் 1959இல் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே வேலை செய்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் பக்கத்துக் கிராமங்களில் காசநோய் இருந்தவர்களைத் தேடிப்போய் ஒரு கேள்வி கேட்டார்கள்: உனக்கு உடம்பு சரியில்லை என்று உனக்குத் தெரியுமா, தெரிந்து என்ன செய்தாய்? அதன் முடிவு 1963இல் வெளியானது. ஏறக்குறைய எல்லோருக்கும் அறிகுறி தெரிந்திருந்தது. பெரும்பாலோர் கவலைப்பட்டிருந்தார்கள். பாதிப்பேர் அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு, மருந்தகத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து. வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அதாவது நோயாளியைத் தேடி வேன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய அவசியமில்லை, அவர் ஏற்கெனவே உன் வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அவரிடமிருந்து சளியை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் போதும். இதை அடிப்படையாக வைத்துத்தான் 1962 வாக்கில் வந்த மாவட்டக் காசநோய்த் திட்டம், சாதாரண ஆஸ்பத்திரிக்குத் தானாக வரும் இருமல்காரர்களிடமே சளிப் பரிசோதனை செய்வது என்று வகுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை என்று எல்லா அரசு மருத்துவமனைச் சுவரிலும் எழுதியிருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம். என் அண்ணனின் கட்டிலுக்கு அடியில் மூன்று பாட்டில். தும்கூரில் 1963இல் எழுதப்பட்ட வாக்கியம் இங்கே வந்து உருண்டு கிடக்கிறது.

'அறியாமை' என்ற சொல்லை இனி யாராவது உங்கள் கூட்டத்தில் பயன்படுத்தினால் இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கல்வி மறுக்கப்பட்ட சமூகத்தை நோக்கி, அதன் நோய்க்கும் அதன் கல்லாமையே காரணம் என்று சொல்வது பழைய தந்திரம்.

மாத்திரையும் சேராத நிலையில் அரசுக்கு இன்னொரு குறுக்குவழி ஆசை இருந்தது, ஊசி. 1948 முதல் பிசிஜி தடுப்பூசி இந்தியாவில் போடப்பட்டது. ராஜாஜி அதை எதிர்த்து 1955இல் ஒரு சிறு நூலே எழுதினார். (குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தவர் தடுப்பூசிக் கட்டாயத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டார் என்பது தனி வேடிக்கை.) ஊசி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க 1968இல் தேர்ந்தெடுக்கப்பட்டது நம் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். இன்று திருவள்ளூர் மாவட்டமாகிவிட்ட பகுதியில் 209 கிராமங்கள், ஒரு நகரம், மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். சிலருக்கு இரண்டு விதமான அளவுகளில் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். காசநோய்த் தடுப்பூசி வரலாற்றிலேயே மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று. 1979இல் ஏழரை ஆண்டு முடிவு வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகும் அதே முடிவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது, அதனால் பிறந்த குழந்தைக்கு அதைப் போடத்தான் வேண்டும், அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் வீடும் சோறும் கொடுக்காமல் ஒரு குத்தில் வேலையை முடித்துவிடலாம் என்ற கனவு செங்கல்பட்டுச் சீமையில்தான் உடைந்தது.

பாட்டில் மட்டும் உடையவில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சளி, இருமல் சிரப் தயாரானது வேறெங்கும் இல்லை, நம் தொழிற்தடத்தில், சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது குறிப்பிட்ட தொகுப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். வாகனங்களின் பிரேக் திரவம் போன்றவற்றில் பயன்படும் ரசாயனம் அது. சிரப்பைக் கரைக்க மருந்துத் தரத்தில் வாங்க வேண்டிய புரோபிலீன் கிளைக்காலுக்குப் பதில் மலிவான தொழிற்சாலைச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இது உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் 1937இல் இதே நஞ்சு நூறு பேருக்கு மேல் கொன்றது, அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. சென்னையில் 1972இல் குழந்தைகள் இறந்தார்கள். ஜம்முவில் இறந்தார்கள். 2022இல் காம்பியாவுக்கு இந்தியாவிலிருந்து போன சிரப் எழுபது குழந்தைகள் அளவில் சாவுக்குக் காரணமானது. சிந்த்வாராவுக்குப் பிறகு உரிமம் ரத்தானது, கைது நடந்தது. சிறு குழந்தைகளின் சாதாரணச் சளிக்கு இந்தச் சிரப்புகளால் பெரிதாகப் பயன் இல்லை என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆனாலும் எழுதுகிறார்கள், ஏனென்றால் பாட்டிலைக் கையில் கொடுத்தால் நோயாளி எழுந்து போய்விடுவார். அடுத்தவரைக் கூப்பிடலாம். நாடு முழுக்க இதைப் பற்றிப் பேசிய மறு மாதம்தான் நம் அண்ணனுக்கு முதல் பாட்டில் கொடுக்கப்பட்டது.

நீடிக்கும் இருமல் எல்லாமே காசநோய் என்றும் நினைத்துவிடக் கூடாது. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளில் தலைமுறையாகக் கல் உடைத்தவர்களின் நெஞ்சில் இருப்பது தூசி. சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அதற்கு மாத்திரை கிடையாது. எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியும், காசநோயையும் எளிதில் வரவழைக்கும். சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. 'டிபி' என்று எழுதிவிட்டால் நோய் தொழிலாளியுடையது, 'சிலிக்கோசிஸ்' என்று எழுதினால் பொறுப்பு முதலாளியுடையது. வார்ப்பு, மணல் அடிப்பு, கல் அரைப்பு வேலை செய்தவர் இருமினால் என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பின்னால் இழப்பீட்டு வழக்கில் உதவும்.

சேத்துப்பட்டு நிறுவனம் அறுபது ஆண்டு கழித்து உணவுக் கேள்விக்குத் திரும்பி வந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரோடும் சேர்ந்து ஜார்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் கூட இருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை தரப்பட்டது. ஒரு பகுதியில் குடும்பத்தாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளிடம் சாவின் அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைவு. கிருமியைக் கொல்ல மாத்திரை போதும் என்பது 1961இன் விடை. ஆள் பிழைக்கவும் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வராமலிருக்கவும் சோறு வேண்டும் என்பது 2023இன் விடை. ஜார்கண்டிலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்திருக்கும் தம்பிகளின் சொந்த ஊர்களில் கிடைத்த விடை அது. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், எடை மிகக் குறைந்தவர்களை முதல் நாளே பிரித்தெடுத்துப் படுக்கையில் சேர்க்கிறார்கள். நல்ல திட்டம். மத்திய அரசு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

ஆயிரம் ரூபாயில் பருப்பு வாங்கலாம். கூலியை ஈடுகட்ட முடியாது. அதற்குத்தான் வேறொரு சட்டம் இருக்கிறது, அது யார் மேசையில் தொடங்கியது என்பதை நம் தோழர்கள் பலர் அறியார். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் பேராசிரியர் அதார்கரிடம் தொழிலாளர்களுக்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அறிக்கை வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1948இன் ஈஎஸ்ஐ சட்டம். ஈஎஸ்ஐ திட்டத்தில் சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் கிடைக்கும். காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு, ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் உடம்பைத் தேற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

நிபந்தனை ஒன்று இருக்கிறது. தொடர்ச்சியாக இரண்டாண்டு காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 156 நாள் பங்களிப்பும் வேண்டும். நிரந்தரத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதிய விதி. இங்கே ஒரே வாசலில் நுழைந்து, ஒரே இயந்திரத்தின் முன் நின்றாலும், எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்ததாரரின் பெயர் மாறும். புதிய ஒப்பந்தம், புதிய அடையாள அட்டை, பல நேரங்களில் புதிய ஈஎஸ்ஐ எண். காகிதத்தில் அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறார்.

அண்ணனுக்குச் சளிப் பரிசோதனை செய்யவைத்தோம். மறுநாளே முடிவு வந்தது, காசநோய். அன்று அவர் எடை 41 கிலோ. இப்போது ஐந்தாவது மாத மாத்திரை ஓடுகிறது, 46 ஆகியிருக்கிறார். இருமல் மூன்றாவது வாரத்திலேயே குறைந்துவிட்டது. அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் சோதிக்கப்பட்டார்கள், நோய் இல்லை, தடுப்பு மருந்து சாப்பிடுகிறார்கள். அவரிடம் மூன்று ஈஎஸ்ஐ எண்கள் இருந்தன. மூன்றும் ஒரே ஆளுடையவை, இடையில் வேலை நிற்கவில்லை என்று பழைய சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இதேபோல இரண்டு மூன்று எண்களோடு இருப்பவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.